கைவேலைக்கு நூலகத்தில் எந்த அலமாரி?

கேள்வி. 9 ஜூன் 2024, காலை 10.15

"எம்பிராய்டரி, குரோஷா இரண்டும் ஓரளவு தெரியும். புது டிசைன் தேடி எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். கைத்தொழில் அலமாரியில் மெழுகுவர்த்தி செய்வது, ஊதுபத்தி உருட்டுவது, சோப்புத் தயாரிப்பது, இருபது வருஷத்துக்கு முந்தைய பிளவுஸ் கட்டிங். அவ்வளவுதான். கைவேலை செய்கிறவர்களுக்கு நூலகத்தால் இனிமேல் பிரயோஜனம் இல்லை என்று நினைக்கிறேன். யாராவது மறுப்பீர்களா?"

9 ஜூன், காலை 11.40

மறுக்கிறேன். அலமாரியைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. எங்கள் நூலகத்திலும் அதே மெழுகுவர்த்தி, அதே சோப்பு. நீங்கள் போய் நின்ற இடம்தான் தப்பு. கைவேலை அலமாரியில் இருப்பது வேறு யாரோ யோசித்து, போட்டு முடித்து, அவர்களுக்கே சலித்துப்போன டிசைன். அன்னம், ரோஜா, திராட்சைக் கொத்து, மறுபடியும் அன்னம். மீன், செடி, பூச்சி, கணக்கு, கோயில் கட்டடம், இந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

இதுவரை நான் போட்டதில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தது ஒரே ஒரு குரோஷா தோரணத்தைத்தான். அது மீன் புத்தகத்திலிருந்து வந்தது. கதை பிறகு. அடுப்பில் பால் இருக்கிறது.

9 ஜூன், இரவு 9.50

பால் பொங்கிவிட்டது. கதைக்கு வருகிறேன்.

மீன் அலமாரிக்கு நான் போனதற்குக் காரணம் மின்விசிறி. எங்கள் கிளை நூலகத்தில் 745, 746 என்று எண் ஒட்டிய அலமாரிகள் ஜன்னல் இல்லாத மூலையில் இருக்கின்றன. சித்திரை மாதம் அங்கே ஐந்து நிமிஷம் நிற்க முடியாது. ஓடுகிற ஒரே விசிறிக்குக் கீழே விலங்கியல். சும்மா உட்கார்ந்தால் நூலகர் பார்ப்பாரே என்று கைக்கு எட்டியதை எடுத்தேன். கடல் மீன்களைப் பற்றிய கெட்டி அட்டைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு மீன், கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படம். கண் எங்கே, செதில் எத்தனை வரிசை, துடுப்பில் எத்தனை முள் என்று ஒவ்வொன்றையும் எண்ணி வரைந்திருந்தார்கள்.

வவ்வால் மீன் படத்தில் கண் நின்றது. சாய்சதுரத்துக்கு ஒரு வால் வைத்த மாதிரி உருவம். கட்டம் போட்ட தாளில் இறக்கினால் அப்படியே உட்காரும் போலிருந்தது. வீட்டுக்கு வந்து மகனுடைய கிராஃப் நோட்டில் வரைந்தேன், 31 கட்டம் நீளம், 23 கட்டம் உயரம். கட்டக் குரோஷா தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்கு: வெற்றுக் கட்டம் என்றால் ஒரு டபுள், இரண்டு செயின் (இரண்டும் குரோஷா பின்னல் வகைகள்). நிறைந்த கட்டத்தில் செயினுக்குப் பதிலாக இன்னும் இரண்டு டபுள். வெளியெல்லாம் வெற்று, மீன் மட்டும் நிறைவு.

போட்டு முடித்தால் மீன் நசுங்கிப் படுத்திருந்தது. வவ்வால் மீனாகத் தொடங்கியது நாக்கு மீனாக முடிந்தது. நூல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, பிரித்து, மறுபடி போட்டேன்.

9 ஜூன், இரவு 10.20

இரண்டாவது தடவை உருவம் சரியாக வந்தது. வாசல் நிலையில் தொங்கவிட்டு நான்கு நாள் ஆனது. எதிர் வீட்டு ஆச்சி பால் வாங்க வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏளா, ஏன் வாவல மல்லாக்கப் போட்டு வச்சிருக்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. வவ்வால் மீனுக்கு மேல் துடுப்பும் கீழ்த் துடுப்பும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், எப்படித் திருப்பினாலும் மீன்தானே என்று சாதித்தேன். "வாலப் பாரு. கீழ்க்கொம்புல்லா நீளமா இருக்கும். நீ நீளத்த மேல வச்சிருக்க."

புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆச்சி சொன்னபடியேதான் படம். விஷயம் என்னவென்றால், மேஜை விரிப்பு போட்ட பழக்கத்தில் கட்டப்படத்தைக் கீழ் வரிசையிலிருந்து படித்திருக்கிறேன். தோரணமோ மேல் பட்டையில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. ஆறு மீனும் மல்லாந்துவிட்டன. திருப்பித் தொங்கவிடலாம் என்றால் கீழ் ஓரத்தில் மணி கோத்தாகிவிட்டது.

பிரிக்கவில்லை. இன்றும் அப்படியேதான் தொங்குகிறது. வீட்டுக்காரர் அதற்கு "ஐஸ் வைக்காத மீன்" என்று பெயர் வைத்திருக்கிறார்.

10 ஜூன், காலை 7.05

745, 746 என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டியூயி எண், புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க டியூயி என்ற அமெரிக்கர் வகுத்தது. 745 அலங்காரக் கலை, கைத்தொழில். 746 நூல் வேலை. மீன் 597. செடிகள் 580இல் தொடங்கும். 391 ஆடை அணிகலன் வழக்கங்கள், அதையும் ஒரு தடவை புரட்டுங்கள். கூடை, பாய் எல்லாம் 746.41. ஆனால் அது இயற்கை நாருக்கு. நம் பிளாஸ்டிக் வயர் கூடைக்கு எந்த எண் என்று கேட்டு நூலகரை ஒரு நாள் திணற வைத்தேன். பாவம் மனிதர்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், புத்தகங்களை வகைப்படுத்த உலகத்துக்கே கோலன் பகுப்பு முறை எழுதிக் கொடுத்தார். எங்கள் நூலகத்தில் இன்னும் அமெரிக்காக்காரர் எண்தான். இதை வைத்துச் சண்டை வேண்டாம். ஆனால் அவர் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அந்த மீன் புத்தகத்தின் தேதிச் சீட்டில் எனக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு முத்திரை, 2003. அதற்கான வாசகர் நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். சேலை கட்டிக்கொண்டு, குரோஷா ஊசியோடு வருவேன் என்று அது எதிர்பார்த்திருக்காது.

12 ஜூன், மாலை 6.30

ஒரு திருத்தம். நசுங்கிய மீனுக்கு நூலைக் குறை சொன்னேன் அல்லவா? மேலே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வியில் மானம் போயிற்று: "டபுள் என்று நீங்கள் போட்டது எந்த ஊர் டபுள்?"

நான் குரோஷா கற்றது கன்னியாஸ்திரிகளிடம். அவர்கள் கற்றுக் கொடுத்தது பிரிட்டிஷ் கணக்கு. யூடியூபில் முக்கால்வாசி அமெரிக்கக் கணக்கு. அமெரிக்க டபுள் உயரமானது. பிரிட்டிஷ் கணக்கில் அதற்கு டிரெபிள் என்று பெயர். பிரிட்டிஷ் டபுள் குட்டை, அதை அமெரிக்காவில் சிங்கிள் என்பார்கள். நான் வீடியோவில் டபுள் என்று காதில் வாங்கி, கையால் கன்னியாஸ்திரி டபுளைப் போட்டிருக்கிறேன். கட்டம் பாதி உயரத்துக்கு இறங்கினால் மீன் நசுங்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது தடவை எப்படிச் சரியாக வந்தது என்று யோசித்தேன். அப்போது நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலக் குரோஷா புத்தகத்தைப் பார்த்துப் போட்டேன். அதில் டிரெபிள் என்று இருந்தது, அப்படியே போட்டேன். காரணமே தெரியாமல் பிழைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கப்போவதில்லை. நூல் மட்டம்தான், அது வேறு விஷயம்.

இன்னொன்று, கைவேலை அலமாரியில் ஒன்றுமே இல்லை என்று 9ஆம் தேதி எழுதியதை அரை அடி பின்வாங்குகிறேன். எப்படிப் போடுவது என்பதற்கு அங்கே போங்கள், எதைப் போடுவது என்பதற்கு வேறு இடம் போங்கள்.

14 ஜூன், காலை 10.45

இரண்டு புத்தகப் பெயர் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நூலகத்துக்குப் போனேன். பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. முப்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், இன்னும் மறக்கிறேன்.

16 ஜூன், பிற்பகல் 3.00

செடிகள். இதைப் பற்றி நிறையவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலையணை உறையில் இருபது வருஷமாகச் சங்குப்பூ போட்டு வருகிறேன். நீல நூலில் ஒரு பெரிய இதழ் மேலே விரிந்திருக்கும், அடியில் சின்ன இதழ்கள், நடுவில் மஞ்சள். அத்தை கற்றுக் கொடுத்த டிசைன். ஒரு நாள் 580 அலமாரியில் பள்ளித் தாவரவியல் பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் சங்குப்பூவை ஒவ்வொரு இதழாகப் பிரித்து வரிசையாக வைத்து வரைந்திருந்தார்கள். கொடி என்று ஒரு பெரிய இதழ், சிறகு என்று இரண்டு, படகு என்று இரண்டு ஒட்டிக்கொண்டு. அவரைக் குடும்பத்துப் பூக்களில் பெரும்பாலும் அந்தப் பெரிய கொடி இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும். சங்குப்பூவிலோ பூவே புரண்டு, பெரிய இதழ் கீழே தொங்குமாம்.

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். வேலி முழுக்கச் சங்குப்பூ. எல்லாம் புத்தகம் சொன்ன மாதிரியே கீழே தொங்குகிறது. தினம் பூஜைக்குப் பறிக்கிறவள் நான். தலையணை உறைகளை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் தலைகீழ். எனக்கும் தலைகீழுக்கும் ஜாதகத்திலேயே ஏதோ இருக்கிறது.

அதற்குப் பிறகு பூவைப் பார்த்துப் போட்டேன் என்று சொன்னால் பொய். பூவைப் பார்த்துப் போடுவது கஷ்டம். ஆடும், வாடும், எந்தக் கோடு முக்கியம் என்று தெரியாது. தாவரவியல் படம் வரைந்தவர் அந்த வேலையை முன்பே செய்து வைத்திருக்கிறார். நரம்பு இருக்கிற இடத்தில் கோடு, நிழல் இருக்கிற இடத்தில் புள்ளி. கோடு எனக்குக் காம்புத் தையல், புள்ளி எனக்குப் பிரெஞ்சு முடிச்சு. படகு இதழின் வளைவில் எட்டு முடிச்சு, ஓரத்தில் நெருக்கமாக, உள்ளே போகப் போக இடைவெளி விட்டு. இரண்டு இழை நூல் போதும், மூன்று போட்டால் மொத்தையாகிவிடும்.

16 ஜூன், இரவு 8.15

அந்த மாதிரிப் படங்களுக்குப் பெரிய சுரங்கம் எது என்று கேட்டவருக்கு: ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். இந்தியச் செடிகளின் படங்களை 1840 முதல் 1853 வரை சென்னையிலேயே கல்லச்சில் அடித்து ஆறு பாகமாக வெளியிட்டார். 2101 படங்கள். பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். பெயரெல்லாம் வைட்டுக்குத்தான் என்றாலும், ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு கோவிந்துவின் பெயரையே வைத்தார் மனிதர். கோவிந்தூயியா. பின்னால் வந்தவர்கள் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள், அது தாவரவியல்காரர்கள் வழக்கம்.

மகள் படித்த கல்லூரி நூலகத்தில்தான் முதலில் பார்த்தேன். வெளியே கொடுக்க மாட்டோம், உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்று சனிக்கிழமை போனேன். இப்போது பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற தளத்தில் வருடிப் போட்டிருக்கிறார்கள், இலவசம்.

அந்தக் கோடுகளில் ஒரு விசேஷம். இலையில் ஒன்றையாவது மடக்கி, அதன் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். எம்பிராய்டரி புத்தகத்தில் எந்த இலையாவது மடங்கிப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் இஸ்திரி போட்ட இலை. மடங்கிய இலைக்கு நான் அடர் பச்சைக்குப் பக்கத்தில் வெளிர் சாம்பல் பச்சை போட்டேன். அந்த ஒரு இலைக்காகவே ஒருவர் அந்தத் துப்பட்டாவை வாங்கினார்.

19 ஜூன், காலை 9.10

"இது காப்பி அடிப்பது இல்லையா?" என்று கேட்டவருக்கு.

சட்டம் பற்றி: நம் நாட்டில் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு வரை பதிப்புரிமை. வைட் இறந்தது 1872. அவர் வந்து கேட்கப்போவதில்லை.

சட்டத்தை விடுங்கள். எஷர் என்ற டச்சு ஓவியர், ஒன்றுக்குள் ஒன்று கோத்த மீன், பறவை, பல்லி என்று தரை ஓடு மாதிரி வரைவாரே, அவர் கதை கணக்கு அலமாரியில் படித்தேன். அவருடைய அண்ணன் நிலவியல் பேராசிரியர். தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, படிகவியல் ஆராய்ச்சி இதழ்களில் இது சம்பந்தமாக நிறைய இருக்கிறது, போய்ப் பார் என்று பட்டியல் கொடுத்தார். அதில் போல்யா என்ற கணித அறிஞர் 1924இல் எழுதிய கட்டுரை. ஒரு தளத்தை ஒரே உருவத்தால் திரும்பத் திரும்ப நிரப்புவதில் 17 சமச்சீர் வகைதான் உண்டு என்று 17 படம். எஷருக்குக் கணக்கு புரியவில்லை. 17 படத்தையும் நோட்டில் கையால் வரைந்துகொண்டார். பிறகு வந்ததுதான் அந்தப் பல்லிகள்.

கையால் வரையும்போது ஏதோ நடக்கிறது. போனில் படம் எடுத்தால் அது போனிலேயே கிடக்கிறது. என்னிடம் அப்படி நானூறு படம் இருக்கிறது, ஒன்றையும் போட்டதில்லை. நோட்டில் கட்டம் கட்டமாக இறக்கிய பதினொன்றில் ஒன்பது போட்டாகிவிட்டது.

19 ஜூன், காலை 9.40

சேர்த்துக்கொள்ள மறந்தது. இப்போது வாழ்கிற ஒருவருடைய எம்பிராய்டரிப் புத்தகத்திலிருந்து ஒரு மயிலை அப்படியே எடுத்துப் பத்துப் பைகளில் போட்டு விற்றிருக்கிறேன். அது காப்பிதான். மேலே பெரிய பேச்சுப் பேசினேன், அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

21 ஜூன், இரவு 10.00

வயர் கூடை போடுகிறவர்கள் இங்கே மூன்று பேர் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. உங்களுக்காக ஒன்று.

மாவட்ட மைய நூலகத்தில் குறிப்புதவிப் பகுதி என்று ஒன்று இருக்கும், வெளியே எடுத்துப்போக முடியாத புத்தகங்கள். அங்கே அரசாங்க வெளியீடுகளின் நடுவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகங்களைத் தேடுங்கள். 1961 கணக்கெடுப்பின்போது தலையை மட்டும் எண்ணவில்லை. மெட்ராஸ் மாநிலக் கைவினைகள் பற்றித் தனி வரிசையே போட்டார்கள், கைத்தொழிலுக்கு ஒரு புத்தகம் என்று. ஒன்று பத்தமடைப் பாய். ஆங்கிலம்தான். தலைப்பைப் பார்த்து யாரும் தொடமாட்டார்கள். உள்ளே போனால் என்ன கருவி, என்ன கூலி, யார் யார் நெய்கிறார்கள் என்று எல்லாம் இருக்கிறது.

எங்களுக்குப் பத்தமடை அம்பாசமுத்திரம் போகிற வழிதான். ஆயிரம் தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் போட்ட பட்டுப்பாய் வாங்கியிருக்கிறோம். பாய் எப்படி உருவாகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. புத்தகம் படித்த பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தேன். கோரையைக் கிழித்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. ஒரு கோரையின் நுனியைக் கத்தியால் தொட்டு, பிறகு விரலால்தான் பிரிக்கிறார். நமக்கு நூல் மாதிரி தெரிவது அவருக்கு இன்னும் இரண்டாகும். மட்டமான பாய்க்குத் தடிமனான கோரை, நைஸ் பாய்க்கு எத்தனை பாவு, அதாவது நெடுக்கு இழை, என்பதுதான் பேச்சு.

அங்கே எனக்குப் பிடிபட்டது இது: பாயில் நிறம் முழுக்க ஊடையில். சாயம் போட்ட கோரை குறுக்கே போகும். பாவு பருத்தி நூல், அது கோரைக்குள் மறைந்துவிடும். நம் கூடையில் கட்டிங் வயர்தான் பாவு, ரன்னிங் வயர் ஊடை. நாம் எப்போதும் கட்டிங் வயரில் நிறம் மாற்றி நெடுக்குக் கோடு போடுகிறோம். பாயைப் பார்த்துக் கட்டிங் வயர் முழுக்கச் சந்தன நிறமாக வைத்து, ரன்னிங்கில் மட்டும் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று வரிசை மாற்றினேன். மூன்று வரி சிவப்பு, ஒன்று கறுப்பு, மூன்று பச்சை. பாதியில் பார்த்தபோது நன்றாக இல்லை. முடிச்சில் பாதி கட்டிங் வயர் நிறம் தெரிந்துகொண்டே இருக்கிறது, பாய் மாதிரி மறையவில்லை. முழுக்க முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி புள்ளியான சந்தன நிறம்தான் அழகு. பாய் மாதிரி வரவேண்டும் என்று போட்டேன், வேறொன்று வந்தது.

22 ஜூன், காலை 6.50

நேற்று எழுதியதில் 1961 என்பது கணக்கெடுத்த வருஷம். புத்தகங்கள் அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் வந்தவை. அட்டையில் 1961 என்று பெரிதாக இருப்பதால் தேடும்போது அதைச் சொல்லிக் கேட்டால் போதும்.

23 ஜூன், மாலை 5.20

கோலம் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மார்கழியில் எழுதலாம் என்று இருந்தேன். சுருக்கமாக: தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1974இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சின்ன உருவம், அதை எந்த விதிப்படி பெருக்கினால் பெரிய கோலம் வரும் என்று. சமன்பாடுகளைத் தாண்டிப் படங்களை மட்டும் பார்த்தேன். எஷர் வழி. சிக்குக் கோலத்தைச் சங்கிலித் தையலில் போட ஒரே நூலில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று திண்டாடியவர்களுக்கு அந்தப் படங்கள் உதவும். ஒரே இழைக் கோலம் என்றால் சிக்கல் இல்லை. இரண்டு மூன்று இழை என்றால் இழைக்கு ஒரு நிறம். சந்திக்கிற இடத்தில் எது மேலே, எது கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டால் பின்னல் மாதிரியே தெரியும்.

23 ஜூன், இரவு 11.10

தூக்கம் வரவில்லை. ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

நூலகத்து எம்பிராய்டரிப் புத்தகங்களை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் பள்ளங்கள் தெரியும். பட்டர் பேப்பர் வைத்துப் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி வரைந்தவர்களின் தடம். போன வாரம் ஒரு அன்னத்தின் மேல் விரலை ஓட்டினேன். கழுத்தில் மட்டும் மூன்று தடம், ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகி. மூன்று பேர் அந்தக் கழுத்தை வரைந்திருக்கிறார்கள். அலகுக்கு ஒரே தடம், இரண்டு பேர் பாதியில் விட்டுவிட்டார்களோ என்னவோ. அன்னத்தை நான் முதல் நாளே கிண்டல் செய்தேன். அந்தக் கழுத்தைத் தடவியபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1996, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை. தையல் புத்தகம் ஒன்றில் ஒரு பக்க அளவுக்கு முருங்கைக்கொத்து, பூவும் காயுமாக. நகலெடுக்க ஒரு ரூபாய். கையில் இல்லை. பக்கத்தைக் கிழித்துக்கொண்டேன். நூலகத்தார் அடையாளத்துக்கு வைக்கிற ரகசியப் பக்கத்தில் முத்திரை இருக்கும், அதை எண்ணிப் பார்ப்பார்கள் என்று தோழி சொல்லியிருந்தாள். அதனால் முத்திரை இருந்த பக்கமா என்று பார்த்துவிட்டுக் கிழித்தேன். அந்த அளவுக்கு விவரம். திருப்பிக் கொடுத்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த முருங்கைக்கொத்தை நான் போடவே இல்லை.

24 ஜூன், காலை 8.30

இராத்திரி எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். "என்னிடமும் ஒரு பக்கம் இருக்கிறது" என்று இதுவரை நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். நூலகத்தில் ஒட்டப் பசை போதாது போலிருக்கிறதே.

7 ஜூலை, பகல் 12.40

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பக்கம் இருந்தது. நான்காக மடித்து, மடிப்பில் பழுத்து, ஒரு ஓரத்தில் நீலக் கார்பன் கறை. நூலகத்துக்கு எடுத்துப் போனேன். புத்தகம் இல்லை. நூலகர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "அது கழிவுப் பட்டியலில் போய்ப் பத்து வருஷம் இருக்கும்மா" என்றார். பக்கத்தை நீட்டினேன். சிரித்தார். அபராதம் எவ்வளவு என்று கேட்டேன், அதற்கும் சிரித்தார். இத்தனை வருஷக் கணக்கைப் போட உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும் என்றார்.

பக்கம் என்னிடமே இருக்கிறது. இந்த வாரம் முருங்கைக்கொத்தைத் துணியில் இறக்கினேன். பிறகு கொல்லைமரத்து முருங்கைப்பூவோடு ஒப்பிட்டால் அந்தப் புத்தகத்துப் பூவில் ஐந்து இதழும் ஒரே மாதிரி, சக்கரம் போல. உண்மைப் பூ அப்படி இல்லை, இதழ்கள் பின்னால் மடங்கி, ஒன்று மட்டும் தனியாக நிமிர்ந்து நிற்கிறது. திருத்திப் போடலாமா, கிழித்த பக்கத்தில் இருக்கிறபடியே போடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. காய் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். காய்க்கு நீளமான காம்புத் தையல், கணுவுக்குக் கணு ஒரு சின்னக் குறுக்குத் தையல்.

28 ஜூலை, இரவு 9.00

இந்த இழையைத் தொடங்கிய தோழி திரும்பி வந்திருக்கிறார். அவர் ஊர் நூலகத்திலும் விசிறி ஓடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தாராம். அங்கே இருந்தது 621, ரேடியோ பழுதுபார்ப்பது எப்படி. அவர் அப்பா ரேடியோ மெக்கானிக்காக இருந்தவராம். ஒரு டிரான்சிஸ்டர் சுற்றுப்படத்தை அப்பாவின் டிபன் பைக்கு எம்பிராய்டரி செய்யப் போகிறார், எந்தத் தையல் என்று கேட்டிருக்கிறார்.

கோடெல்லாம் காம்புத் தையல் வேண்டாம், பின் தையல் (பேக் ஸ்டிச்) போடு. நேர்கோடு நேராக நிற்கும், மூலையில் திரும்பும்போது ஒரு தையலைச் சின்னதாக்கினால் போதும். ரெசிஸ்டரின் வளைவு நெளிவுக்கு ஒவ்வொரு முனையிலும் ஊசியைக் கீழே இறக்கி ஏற்று, இல்லாவிட்டால் முனை மழுங்கும். கம்பிகள் சேருகிற இடத்தில் ஒரு பிரெஞ்சு முடிச்சு, ஊசியில் இரண்டு சுற்று. கம்பி ஒன்றைத் தாண்டிப் போகிற இடத்தில் முடிச்சு போட்டுவிடாதே, அப்பா பார்த்தவுடன் ஷார்ட் என்பார். காயிலுக்குச் சங்கிலித் தையல். செம்பு நிறத்தில் போட்டுப் பார்.

எர்த் குறியீட்டில் மூன்று கோடு, கீழே போகப் போகச் சின்னதாகும். அதை மட்டும் என்னை மாதிரி தலைகீழாகப் போட்டுவிடாதே.